கிரனாடாவில் மூன்று நாள்: டிக்கெட்டிலிருந்து தொடங்கும் பயணத் திட்டம்

ஸ்பெயினின் தெற்கில் இருக்கும் அந்தலூசியாவுக்கு ஐந்தாறு நாள் கிடைத்தால் செவில், கோர்தொபா, கிரனாடா, மலாகா நான்கையும் பார்த்துவிட வேண்டும் என்றுதான் பலருக்கும் தோன்றும். அப்படிப் போனால் நான்கு ரயில் நிலையங்களை நன்றாகப் பார்க்கலாம். கையில் இருப்பது ஒரு நீண்ட வார இறுதி மட்டும் என்றால் ஒரே ஊர் போதும். என்னைக் கேட்டால் அந்த ஊர் கிரனாடா. மூன்று பகல், இரண்டு இரவு கொடுங்கள். ஊர் சிறியது, பெரும்பாலும் நடந்தே பார்த்துவிடலாம்.

வழக்கமாக விமான டிக்கெட், ஹோட்டல், பிறகு பார்க்கும் இடங்கள் என்ற வரிசையில் திட்டம் போடுவோம். கிரனாடாவுக்கு இந்த வரிசை உதவாது. இங்கே முதலில் கையில் இருக்க வேண்டியது அல்ஹம்ப்ரா அரண்மனை டிக்கெட். அதில் அச்சாகியிருக்கும் நேரத்தைச் சுற்றித்தான் மற்ற எல்லாவற்றையும் அடுக்க வேண்டும்.

முதலில் ஊரின் கிடப்பைப் புரிந்துகொள்ளுங்கள்

கிழக்கிலிருந்து தார்ரோ என்ற சின்ன ஆறு பள்ளத்தாக்கில் ஓடி வருகிறது. அதன் தென்கரையில் சபீகா குன்று, அதன் மேல் அல்ஹம்ப்ரா. வடகரையில் அதற்கு நேர் எதிரே இன்னொரு குன்று, அதன் சரிவு முழுக்க வெள்ளை வீடுகளும் சந்துகளும். அதுதான் அல்பைசின் என்ற பழைய முஸ்லிம் குடியிருப்பு. அல்பைசினை ஒட்டிக் கிழக்கே போனால் குகை வீடுகள் இருக்கும் சாக்ரோமோன்தே. மேற்கே இரண்டு குன்றுகளும் முடியும் சமவெளியில் பேராலயம், கடைத்தெரு, ஹோட்டல்கள். ஆறு நகருக்குள் வந்ததும் பிளாசா நுவேவா என்ற சதுக்கத்தின் அடியில் மறைந்துவிடும். வரைபடத்தில் அந்தச் சதுக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கே போவதானாலும் அங்கிருந்துதான் கிளம்புவீர்கள்.

வரைபடத்தில் 600 மீட்டர் என்று காட்டும் தூரம் இங்கே செங்குத்தான ஏற்றமாக இருக்கலாம். ஒரே நாளில் இரண்டு குன்றையும் ஏறினால் முழங்கால் அன்று இரவே கணக்குக் கேட்கும். ஒரு நாளுக்கு ஒரு குன்று என்று வைத்துக்கொள்வது நல்லது. கூடவே பெரியவர்கள் வந்தால் இதை விதியாகவே பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 1: அல்ஹம்ப்ரா டிக்கெட்

தேதி முடிவானதும் அன்றே வாங்குங்கள். விமானம் பதிவு செய்வதற்கு முன்பே வாங்கினாலும் தவறில்லை. அரண்மனையை நிர்வகிக்கும் அரசு அமைப்பின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில்தான் வாங்க வேண்டும். தேடும்போது மேலே வந்து நிற்பவை பெரும்பாலும் இடைத்தரகர் தளங்கள். அதே டிக்கெட்டை வழிகாட்டியோடு சேர்த்துக் கூடுதல் விலைக்குக் கொடுப்பார்கள்.

டிக்கெட்டில் பல வகை உண்டு. உங்களுக்கு வேண்டியது ‘ஹெனெரால்’ எனப்படும் பொது டிக்கெட். அல்கசாபா கோட்டை, கிரனாடாவை ஆண்ட நஸ்ரி வம்ச முஸ்லிம் சுல்தான்கள் கட்டிய நஸ்ரி அரண்மனைகள், ஹெனெராலிஃபே தோட்டம் மூன்றும் அதில் அடங்கும். விலை 20 யூரோவை ஒட்டி இருக்கும். தோட்டமும் கோட்டையும் மட்டும் உள்ள மலிவான டிக்கெட் ஒன்று இருக்கிறது. அவசரத்தில் அதை வாங்கிவிடாதீர்கள், அதில் நஸ்ரி அரண்மனைகள் கிடையாது. நஸ்ரி அரண்மனைகளைப் பார்க்காமல் அல்ஹம்ப்ராவுக்குப் போனேன் என்று சொல்வதில் அர்த்தமில்லை.

வாங்கும்போதே நஸ்ரி அரண்மனைகளுக்குள் நுழையும் நேரத்தை அரைமணி இடைவெளிகளில் தேர்ந்தெடுக்கச் சொல்லும். 8:30 என்று போட்டிருந்தால் 8:30க்கும் 9:00க்கும் நடுவில் வாசலைத் தாண்டியாக வேண்டும். அதற்குப் பிறகு வந்தால் உள்ளே விடமாட்டார்கள். நுழைந்த பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் வெளியே வந்தால் மறுபடி நுழைய முடியாது. மற்ற இரண்டு பகுதிகளுக்கும் அன்றைக்குள் எப்போது வேண்டுமானாலும் ஒருமுறை போகலாம்.

எந்த நேரம் நல்லது? கிடைத்தால் 8:30, கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். நஸ்ரி அரண்மனைகளுக்குள் இருக்கும் சிங்க முற்றத்தைக் கூட்டமில்லாமல் பார்க்க அது ஒன்றே வழி. கோடையில் வெயிலிலிருந்தும் தப்பிக்கலாம். 8:30 கிடைக்காவிட்டால் மதியம் பன்னிரண்டு, ஒன்றைத் தவிர்த்துவிட்டு மாலை நேரம் ஒன்றைப் பிடியுங்கள்.

டிக்கெட் பெயருக்கும் பாஸ்போர்ட் எண்ணுக்கும்தான் கொடுக்கப்படும். உள்ளே ஒவ்வொரு பகுதியின் வாசலிலும் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள். அசல் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போங்கள், ஹோட்டலில் வைத்துவிட்டுப் படத்தைக் காட்டலாம் என்று நினைக்க வேண்டாம். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தால் அதை முடித்துவிட்டே டிக்கெட் வாங்குங்கள். 12 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் அவர்களுக்கும் இலவச டிக்கெட்டைப் பதிவு செய்தாக வேண்டும்.

எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டதா? மூன்று வழி உண்டு. ஒன்று, ரத்தாகும் டிக்கெட்டுகள் தளத்தில் திரும்ப வருவதுண்டு, தினமும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். இரண்டு, நகரத்தின் சுற்றுலா அட்டையான ‘கிரனாடா கார்டு’. அல்ஹம்ப்ரா, பேராலயம், அரச தேவாலயம், சில பேருந்துப் பயணங்கள் எல்லாம் அதில் சேர்த்தி. அதற்கென்று அல்ஹம்ப்ராவில் இடம் ஒதுக்கியிருப்பார்கள், அதனால் பொது டிக்கெட் தீர்ந்த நாளிலும் இது கிடைக்கலாம். மூன்று, நஸ்ரி அரண்மனைகளுக்கான இரவு டிக்கெட். கோடையில் செவ்வாய் முதல் சனி வரையும் குளிர்காலத்தில் வெள்ளி, சனியிலும் இரவில் திறந்திருக்கும். நிழலும் விளக்குமாக அழகுதான், ஆனால் சுவரின் நுணுக்கமும் ஓட்டின் நிறமும் பகலில் தெரிவதுபோல் தெரியாது. முதல்முறை போகிறவர்கள் பகலையே தேர்ந்தெடுங்கள்.

படி 2: மாதம்

ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து அக்டோபர் வரை. ஜூலை, ஆகஸ்டில் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும், நம் ஊர் வெயில்தானே என்று நினைத்தால் அந்த வறட்சி ஏமாற்றும். குளிர்காலம் தப்பில்லை, கூட்டம் குறைவு. எதிரே சியரா நெவாதா மலை வெள்ளையாக நிற்கும். ஆனால் ஊர் 700 மீட்டர் உயரத்துக்கு மேல் இருப்பதால் ஜனவரி இரவுகளில் நடுங்க வேண்டிவரும். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் ஊர்வலங்கள் கண்கொள்ளாக் காட்சி, ஆனால் ஹோட்டல் விலை ஏறும், தெருக்கள் அடைபடும். குறுகிய பயணத்துக்கு அந்த வாரம் வேண்டாம்.

அல்ஹம்ப்ரா டிசம்பர் 25, ஜனவரி 1 தவிர எல்லா நாளும் திறந்திருக்கும். காலை 8:30க்குத் திறந்து, கோடை அட்டவணையில் இரவு 8 மணிக்கும் குளிர்கால அட்டவணையில் மாலை 6 மணிக்கும் மூடுவார்கள்.

படி 3: விசாவும் வழியும்

இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. ஸ்பெயினுக்கான விண்ணப்பங்களை இந்தியாவில் பிஎல்எஸ் மையங்கள் வாங்குகின்றன, சென்னையிலும் மையம் உண்டு. பெரியவர்களுக்கு விசா கட்டணம் 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பு என்பது விதி, ஆனால் கோடைக்கு முன் நேர ஒதுக்கீடு கிடைப்பதே பெரும்பாடு. இரண்டு மூன்று மாதம் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை உள்ளவர்களும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களும் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

கிரனாடாவுக்கென்று ஒரு விமான நிலையம் ஊருக்கு மேற்கே 15 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, கவிஞர் ஃபெதெரிகோ கார்சியா லோர்காவின் பெயரில். ஆனால் அங்கே வரும் வெளிநாட்டு விமானங்கள் குறைவு. லண்டன், பாரிஸ் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு மலாகாதான் வசதி. அங்கிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குள் கிரனாடா. இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் மாட்ரிட்டில் இறங்கி ரயில் பிடிக்கலாம். 2019 முதல் அதிவேக ரயில் கிரனாடா வரை வருகிறது, மூன்றேகால் மணி நேரத்தைச் சுற்றி ஆகும். பேருந்து மலிவு, ஆனால் ஐந்து மணி நேரம்.

கார் எடுக்காதீர்கள். பழைய நகரின் பல தெருக்களில் வெளியாட்களின் வண்டிகளுக்கு அனுமதி இல்லை, கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். அபராதச் சீட்டு நீங்கள் ஊர் திரும்பிய பிறகு வாடகைக் கார் நிறுவனம் வழியாக வந்து சேரும்.

படி 4: எங்கே தங்குவது

பிளாசா நுவேவாவுக்கும் பேராலயத்துக்கும் நடுவில் எங்கு தங்கினாலும் சரி. கொஞ்சம் அமைதி வேண்டுமென்றால் அல்ஹம்ப்ராக் குன்றின் அடிவாரத்தில் இருக்கும் ரியலெகோ. ஒருகாலத்தில் யூதர்கள் வாழ்ந்த பகுதி, இப்போது உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் நல்ல கடைகள் நிறைய இருக்கும் இடம்.

அல்பைசினில் பழைய வீடுகளை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள், படங்களில் பார்த்தால் மனசு அங்கேதான் போகும். முன்பதிவு செய்வதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். சந்துகளில் கூழாங்கல் பதித்திருக்கிறார்கள், படிக்கட்டுகள் அதிகம், வாடகை வண்டி வாசல்வரை வராது. 23 கிலோ பெட்டியை அதன் மேல் இழுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதுகுப்பையோடு வருகிறவர்கள் தாராளமாகத் தங்கலாம்.

அல்ஹம்ப்ராவின் மதிலுக்குள்ளேயே அரசு நடத்தும் ‘பராதோர்’ ஹோட்டல் ஒன்று இருக்கிறது. முன்பு புனித பிரான்சிஸ் மடாலயம். 1492ல் கிரனாடாவை முஸ்லிம் சுல்தானிடமிருந்து வென்ற கிறிஸ்தவ ஆட்சியாளர்களான அரசி இசபெலையும் அரசர் ஃபெர்னாந்தோவையும் முதலில் அடக்கம் செய்தது அங்கேதான், பிறகுதான் ஊருக்குள் கொண்டுபோனார்கள். அறை விலை எக்கச்சக்கம். உள்முற்றத்தை எட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

படி 5: முதல் நாள் மாலை, எதிர்க் குன்றிலிருந்து

மதியம் வந்து சேர்ந்தால் பெட்டியை வைத்துவிட்டுச் சற்றுப் படுங்கள். இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை பாதிக் கடைகள் மூடித்தான் கிடக்கும், வெளியே சுற்றிப் பயனில்லை.

ஐந்தரை மணி வாக்கில் பிளாசா நுவேவாவிலிருந்து சி31 என்ற சிறு பேருந்தைப் பிடித்து அல்பைசின் உச்சிக்குப் போங்கள். ஏறுவதற்குப் பேருந்து, இறங்குவதற்குக் கால். குன்று எதுவானாலும் இதுதான் முறை. சான் நிக்கோலாஸ் தேவாலயத்தின் முன்னால் இருக்கும் திடலில் நின்றால் பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் அல்ஹம்ப்ரா முழுதாகத் தெரியும். சூரியன் மறையும் வேளையில் திடலில் கால்வைக்க இடமிருக்காது. கிதார், கைத்தட்டல், தரையில் விரித்த கம்மல் கடைகள். பையை முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விட்டால் மதிலோரம் உட்கார இடம் கிடைக்கும்.

அரண்மனையை வெளியிலிருந்து முதல் நாளே பார்க்கச் சொல்வதற்கு அழகு மட்டும் காரணமில்லை. மறுநாள் உள்ளே போனால் எந்தச் சுவர் எந்தக் கட்டடத்துடையது என்றே புரியாது. இங்கிருந்து எல்லாம் பிரித்துத் தெரியும். வலதுகோடியில் மொட்டையாக நிற்பவை அல்கசாபா என்ற கோட்டையின் கோபுரங்கள், அதுதான் வளாகத்தின் பழைய பகுதி. நடுவில் சரிவின் விளிம்பில் பருத்து நிற்கும் சதுரக் கோபுரம் கொமாரெஸ், அதற்குள்தான் அரியணை மண்டபம். அதை ஒட்டியவை நஸ்ரி அரண்மனைகள். பின்னால் சதுரமாக, மற்றவற்றோடு ஒட்டாமல் நிற்கும் பெரிய கல் கட்டடம் பேரரசர் ஐந்தாம் கார்லோஸ் கட்டியது. இடதுபக்கம் தனியாக மேட்டில் வெள்ளையாகத் தெரிவது ஹெனெராலிஃபே, சுல்தான்களின் கோடை இல்லம். இந்த ஐந்தையும் விரலால் சுட்டிக் காட்டத் தெரிந்துவிட்டால் நாளைக்கு வழிகாட்டி இல்லாமலே சமாளிக்கலாம்.

திடலுக்குப் பக்கத்திலேயே 2003ல் திறந்த புதிய பள்ளிவாசலின் தோட்டம் இருக்கிறது. அதே காட்சி, நெரிசல் இல்லை. திறந்திருந்தால் உள்ளே போகலாம். பிறகு பெயர்ப்பலகையைப் பார்க்காமல் கீழ்நோக்கிப் போகும் சந்துகளில் இறங்குங்கள், எப்படியும் ஆற்றங்கரைக்குத்தான் வந்து சேர்வீர்கள். உயரமான சுவருக்கு மேல் சைப்ரஸ் மரமும் கொடியும் எட்டிப் பார்த்தால் அது ‘கார்மென்’, தோட்டத்தோடு கூடிய பழைய வீடு.

படி 6: அல்ஹம்ப்ரா நாள்

மூன்றரை மணி நேரம் குறைந்தபட்சம், ஐந்து இருந்தால் நிம்மதி. தண்ணீர், தொப்பி, பிடிப்புள்ள செருப்பு. பெரிய முதுகுப்பை வேண்டாம், முன்பக்கம் மாட்டச் சொல்வார்கள்.

பிளாசா நுவேவாவிலிருந்து கோமெரெஸ் தெரு நேராக மேலே ஏறும். மாதுளைவாயில் என்ற வளைவைத் தாண்டினால் மரங்கள் அடர்ந்த பாதை, ஓரத்தில் ஓடைநீர். இருபது நிமிட ஏற்றம். முடியாதவர்கள் இசபெல் லா கத்தோலிகா சதுக்கத்தில் சி30 பேருந்தைப் பிடிக்கலாம். டிக்கெட் கையில் இருப்பவர்கள் மேலே இருக்கும் முதன்மை நுழைவு மண்டபம்வரை போக வேண்டியதில்லை. யூசுஃப் சுல்தான் 1348ல் கட்டிய நீதிவாயில் வழியாக நுழைந்தால் நஸ்ரி வாசல் சில நிமிடம்தான். முதன்மை வாயிலில் இறங்கினால் அங்கிருந்து நஸ்ரி வாசலுக்கு 15 நிமிடத்துக்கு மேல் நடக்க வேண்டும், நேரத்தைத் தவறவிடுவது இப்படித்தான்.

வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். காலை முதல் நேரம் என்றால் நஸ்ரி, பிறகு பர்தால் தோட்டம், கார்லோஸ் அரண்மனை, அல்கசாபா, கடைசியில் ஹெனெராலிஃபே. பதினொரு மணி என்றால் முதலில் அல்கசாபா. மாலை நேரம் என்றால் மதியமே ஹெனெராலிஃபேயை முடித்துவிட்டு மேற்கே நடந்து வாருங்கள்.

உள்ளே போனதும் எல்லோரும் கைபேசியைத் தூக்குவார்கள். நீங்கள் ஒரே ஒரு சுவரைத் தேர்ந்தெடுத்து, அதன் முன் ஐந்து நிமிடம் நில்லுங்கள். இடுப்பளவுவரை ஓடு: பல நிறத் துண்டுகளைத் தனித்தனியாக வெட்டிப் பொருத்திய வடிவியல் கோலம். அதற்கு மேல் சுண்ணமும் ஜிப்சமும் கலந்த சாந்தில் கொடியும் எழுத்தும். அதற்கும் மேல் செதுக்கிய மரம். ஏறக்குறைய எல்லா அறையும் இந்த மூன்று அடுக்கில்தான் இருக்கிறது. பிடிபட்டபின் ஒவ்வொரு அறையிலும் என்ன மாறுகிறது என்று பார்ப்பதே ஒரு சுவாரசியம். எழுத்துகளில் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வரும்: ‘இறைவனைத் தவிர வெல்பவர் இல்லை’. நஸ்ரி அரசர்களின் முத்திரை வாசகம் அது. ஒருமுறை அதன் வடிவம் கண்ணில் பதிந்துவிட்டால், அரபி தெரியாவிட்டாலும் சுவருக்குச் சுவர் அடையாளம் காண்பீர்கள்.

இந்த வம்சம் 1238ல் முதலாம் முஹம்மதுவோடு தொடங்கியது. இப்போது நாம் வியந்து பார்ப்பவற்றில் பெரும்பகுதி பதினான்காம் நூற்றாண்டில் முதலாம் யூசுஃபும் அவர் மகன் ஐந்தாம் முஹம்மதுவும் கட்டியவை. அப்போது கிரனாடா வலிமையான அரசு அல்ல. வடக்கே காஸ்தீலிய அரசுக்குக் கப்பம் கட்டிக்கொண்டு, சுருங்கிக்கொண்டே வந்த நாடு. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் கட்டடத்தின் தன்மை புரியும். பெரிய கல் தூண்களோ மலைக்க வைக்கும் உயரமோ இல்லை. சாந்து, மரம், ஓடு, தண்ணீர், வெளிச்சம் என்று எளிதில் கிடைப்பதை வைத்தே இத்தனையும்.

மிர்ட்டில் முற்றத்தில் நீண்ட குளமும் அதில் தலைகீழாகக் கொமாரெஸ் கோபுரமும். காற்றில்லாத காலையில் பிம்பம் அசையாது. அதை ஒட்டி அரியணை மண்டபம், தலைக்கு மேல் 8,000க்கும் மேற்பட்ட மரத்துண்டுகளைச் சேர்த்து ஏழு வானங்களையும் காட்டும் கூரை. கழுத்து வலிக்கும்வரை பாருங்கள், பரவாயில்லை.

சிங்க முற்றம் அடுத்தது. 124 மெல்லிய பளிங்குத் தூண்கள், நடுவில் 12 சிங்கங்கள் தாங்கும் நீரூற்று. சிங்கங்களைப் பத்தாண்டு செலவழித்துப் புதுப்பித்து 2012ல் திரும்ப வைத்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் பன்னிரண்டும் ஒன்றுபோல் இல்லை. நீரூற்றுத் தொட்டியின் விளிம்பைச் சுற்றி இப்னு ஜம்ரக் எழுதிய கவிதை பொறித்திருக்கிறது: ஓடுவது நீரா பளிங்கா என்று பிரித்தறிய முடியவில்லை என்பது அதில் ஒரு கருத்து. தெற்கே இருக்கும் அபென்செராஹே மண்டபத்தில் வழிகாட்டிகள் தொட்டியின் சிவப்புக் கறையைக் காட்டி, தலை வெட்டப்பட்ட வீரர்களின் ரத்தம் என்பார்கள். இரும்புத் துரு. கறையை விட்டுவிட்டு நிமிர்ந்து பாருங்கள், எட்டுமுனை நட்சத்திரமாக அடுக்கடுக்காகத் தொங்கும் விதானம்தான் அந்த மண்டபத்தின் உயிர். எதிரே இரு சகோதரிகள் மண்டபத்தில் அதைவிட நுணுக்கமான இன்னொன்று.

போகும் வழியில் ஒரு கதவுக்கு மேல் அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் 1829ல் தங்கிய அறை என்ற பலகை தெரியும். அவர் காலத்தில் இடம் பாழடைந்து கிடந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1812ல், நெப்போலியனின் படை பின்வாங்கும்போது பல கோபுரங்களை வெடிவைத்துத் தகர்த்துவிட்டுப் போனது. நாம் பார்ப்பது தப்பிப் பிழைத்த மிச்சம்.

கார்லோஸ் அரண்மனைக்கு டிக்கெட் தேவையில்லை. வெளியே சதுரம், உள்ளே போனால் முழுவட்ட முற்றம். பெத்ரோ மசூகா வடிவமைத்து 1527ல் தொடங்கி, நூற்றாண்டுக்கணக்கில் கூரையில்லாமலே நின்றது. நஸ்ரிக் கட்டடத்தை நசுக்கி நிற்கிறது என்று பலருக்கும் கோபம். எனக்கும் கொஞ்சம் உண்டு, ஆனாலும் அந்த வட்ட முற்றத்தின் நடுவில் நின்றால் கோபம் குறைந்துவிடுகிறது. கீழ்த்தளத்தில் அல்ஹம்ப்ரா அருங்காட்சியகம், திங்கள் விடுமுறை. மான் உருவம் தீட்டிய பெரிய நஸ்ரிக் காலத்து ஜாடியைத் தேடிப் பாருங்கள்.

அல்கசாபாவில் ஏற வேண்டியது வேலா கோபுரம் ஒன்றுதான். 1492 ஜனவரி 2 அன்று ஊர் கைமாறியபோது வென்றவர்களின் கொடி ஏறியது இங்கே. ஹெனெராலிஃபேயில் பூச்செடிகளைவிட நீரைக் கவனியுங்கள். தார்ரோ ஆற்றின் மேல்பகுதியில் பல கிலோமீட்டர் தள்ளி நீரைத் திருப்பி, அரச வாய்க்கால் வழியாகக் குன்றின் மேல் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்த வாய்க்காலே முற்றத்தின் நடுவில் ஓடுகிறது. மேலே ஒரு படிக்கட்டில் கைப்பிடிச் சுவரின் மேலேயே பள்ளம் வெட்டி அதில் தண்ணீர் ஓடவிட்டிருக்கிறார்கள், இறங்கும்போது கையை நனைத்துக்கொண்டே இறங்கலாம்.

திரும்பும்போது வந்த வழியே வராதீர்கள். முதன்மை வாயிலருகே தொடங்கும் குவெஸ்தா தெ லோஸ் சினோஸ் என்ற இறக்கம் மதிலை ஒட்டியே போய் ஆற்றங்கரையில் விடும். கூட்டம் இல்லாத பாதை. மழை பெய்திருந்தால் மட்டும் வழுக்கும். அதன்பின் மாலை நான்கு மணிவரை எந்தத் திட்டமும் வைக்காதீர்கள்.

படி 7: சாப்பாடு

ஸ்பெயினில் பல ஊர்களில் ‘தப்பா’ என்ற சிறுதட்டுக்குக் காசு உண்டு. கிரனாடாவில் ஒரு பானம் வாங்கினால் ஒரு தட்டு சும்மா வரும். பீர் குடிக்காதவர்களுக்குக் குளிர்பானத்துக்கும் பெரும்பாலும் கொடுப்பார்கள். மூன்று யூரோவை ஒட்டிய விலையில் பானமும் தட்டும். இரண்டாவது பானத்துக்கு வேறு தட்டு. ஒரு கடையில் ஒன்று, அடுத்த கடையில் ஒன்று என்று மாறிக்கொண்டே போவதுதான் உள்ளூர் வழக்கம். நவாஸ் தெரு பிரபலம், கூட்டம். ரியலெகோவுக்குள் நடந்தால் விலையும் சத்தமும் குறையும். இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்குத்தான் சூடு பிடிக்கும். எட்டு மணிக்குப் போனால் நாற்காலி எல்லாம் காலி.

தட்டில் என்ன வரும் என்பது கடைக்காரர் விருப்பம், சைவக்காரர்களுக்குச் சிக்கல் அங்கேதான். ‘சின் கார்னே’, இறைச்சி வேண்டாம், என்று மட்டும் சொன்னால் பன்றித்தொடை வற்றலோ சூரை மீனோ வந்து நிற்கும். ‘சின் ஹமோன், சின் அதூன்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். பன்றி சாப்பிடாதவர்களும் இதைச் சொல்லிவைப்பது நல்லது. நம்பிக் கேட்கக்கூடியவை: கத்தரிக்காயைப் பஜ்ஜிபோல் பொரித்துக் கரும்புப் பாகு ஊற்றித் தரும் ‘பெரென்ஹேனாஸ் கோன் மியெல்’, குளிர்ந்த தக்காளிச் சாறான கஸ்பாச்சோ, உருளைக்கிழங்கு முட்டை அடை. கெட்டியான தக்காளிக் கூழான சல்மொரெஹோவின் மேல் ஹமோன் தூவுவார்கள், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சாக்ரோமோன்தே தோர்த்தியா என்று பட்டியலில் பார்த்து முட்டை அடைதானே என்று கேட்டுவிடாதீர்கள். அதில் ஆட்டு மூளையும் உள்ளுறுப்பும் உண்டு. பிடித்தவர்கள் சுவைத்துப் பாருங்கள்.

இனிப்புக்குப் பியோனோனோ: பக்கத்து ஊரான சாந்தா ஃபேயின் தயாரிப்பு, பாகில் நனைந்த சிறு கேக் சுருள், மேலே தீய்த்த கஸ்டர்ட். இரண்டு வாயில் முடிந்துவிடும். கொலம்பஸின் கடற்பயணத்துக்கான ஒப்பந்தம் 1492 ஏப்ரலில் கையெழுத்தானதும் அதே சாந்தா ஃபேயில்தான். இந்தியாவைத் தேடிக் கிளம்பியவருக்கு வழிச்செலவு உறுதியான ஊர்.

அன்றிரவு ஃபிளமெங்கோ நடனம் பார்க்க ஆசைப்பட்டால், சாக்ரோமோன்தே குகைகளில் ரோமா (ஜிப்சி) இனக் குடும்பங்கள் வழிவழியாக ஆடிவரும் ‘சம்ப்ரா’ உண்டு. ஹோட்டலிலிருந்து வேன், பானம், ஆட்டம் என்று பொட்டலமாக விற்பவற்றில் அவசரம் தெரியும். ஆட்டத்துக்கு மட்டும் டிக்கெட் வாங்கி, சி34 பேருந்தில் நீங்களே போங்கள். அறை சிறியதாக இருப்பது நல்லது. முதல் வரிசையில் உட்கார்ந்தால் காலடி அதிர்வு உங்கள் நாற்காலிக்கே வரும்.

படி 8: கடைசி நாள், சமவெளியில்

காலையில் தார்ரோ ஆற்றோரச் சாலை, ஒன்பது மணிக்குள். பிறகு பேருந்தும் கூட்டமும் சேர்ந்து நடக்கவிடாது. வழியில் எல் பன்யூவெலோ: பதினொன்றாம் நூற்றாண்டுப் பொதுக் குளியலறை. கூரையில் நட்சத்திர வடிவத் துளைகள் வழியாக வெளிச்சம் இறங்கும். பத்து நிமிடம் போதும்.

அங்கிருந்து அரச தேவாலயம், காப்பியா ரியால். ஞாயிறு காலை தாமதமாகத் திறப்பார்கள். இதைக் கடைசி நாளுக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு: நேற்று தோற்றவர்களின் வீட்டைப் பார்த்தோம், இன்று வென்றவர்களின் கல்லறை. இசபெலும் ஃபெர்னாந்தோவும், மகள் ஹுவானாவும் அவள் கணவன் ஃபெலிப்பேயும் வெள்ளைப் பளிங்கில் படுத்திருக்கிறார்கள். உடல்கள் அந்தப் பளிங்கில் இல்லை. பக்கத்துப் படிக்கட்டில் இறங்கிப் பார்த்தால் தாழ்ந்த நிலவறை, கறுத்த ஈயப் பெட்டிகள், வேறு அலங்காரம் எதுவும் கிடையாது. மேலே அவ்வளவு ஆடம்பரத்தைப் பார்த்துவிட்டு அங்கே குனிந்து பார்ப்பது ஒரு மாதிரி இருக்கும். பொருளறையில் இசபெலின் கிரீடமும் அவர் சேர்த்த பிளெமிஷ் ஓவியங்களும் இருக்கின்றன, அவசரப்படாதீர்கள்.

எதிரே மத்ராசா, 1349ல் முதலாம் யூசுஃப் நிறுவிய கல்விக்கூடம். தொழுகை அறை ஒன்று தப்பியிருக்கிறது. சற்றுத் தள்ளிப் பிப்ரம்ப்லா சதுக்கம், பூக்கடைகளும் சுர்ரோஸ் கடைகளும். 1500ஐ ஒட்டிக் கர்தினால் சிஸ்னெரோஸின் ஆணைப்படி அரபி நூல்களைக் குவித்து எரித்ததாகச் சொல்லப்படும் இடம் இதுதான். ஊரை ஒப்படைத்த ஒப்பந்தத்தில் முஸ்லிம்களின் சமயத்துக்குப் பாதுகாப்பு உண்டு என்று எழுதியிருந்தது, பத்தாண்டுகூட அது நிலைக்கவில்லை. யூதர்களுக்கு அதுவும் இல்லை. வெளியேறச் சொல்லும் ஆணை 1492 மார்ச் 31ல் அல்ஹம்ப்ராவிலிருந்தே பிறந்தது.

பேராலயத்தை நேரமிருந்தால் பாருங்கள், தூண்களின் வெண்மை அழகு. நேரம் குறைவென்றால் விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் கொர்ரால் தெல் கார்போன் என்ற பதினான்காம் நூற்றாண்டு வணிகர் சத்திரத்துக்குள் இலவசமாக நுழையலாம்.

பேராலயத்தைச் சுற்றி ரோஸ்மேரிக் குச்சியை அன்பாக நீட்டும் பெண்கள் நிற்பார்கள். கையில் வாங்கினால் உடனே உள்ளங்கையைப் பிடித்து ரேகை பார்த்துப் பணம் கேட்பார்கள். கையைக் கட்டிக்கொண்டு ‘நோ, கிராசியாஸ்’ என்று நடந்துகொண்டே இருங்கள். பக்கத்து அல்கைசெரியா சந்து பழைய பட்டுச் சந்தை இருந்த இடம், 1843 தீயில் எரிந்தபின் திரும்பக் கட்டியது. அங்கே விற்பதில் பாதி எந்த ஊரிலும் கிடைக்கும். வாங்குவதானால் தராசெயா என்ற மர ஒட்டுவேலைப் பெட்டி வாங்குங்கள், ஆனால் விரலால் தடவிப் பாருங்கள்: மலிவானவற்றில் கோலம் காகிதத்தில் அச்சடித்து ஒட்டியிருக்கும், விளிம்பில் தூக்கிக்கொண்டு நிற்கும்.

இன்னொரு நாள் கிடைத்தால்

கோர்தொபாவுக்கு ஓடாதீர்கள், அதற்கு ஓர் இரவாவது தனியாகக் கொடுக்க வேண்டும். சியரா நெவாதாவின் தென்சரிவில் அல்புஹாரா கிராமங்கள் இருக்கின்றன: பம்பனெய்ரா, புபியோன், கப்பிலெய்ரா, மூன்றும் ஒரே பள்ளத்தாக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக. கிரனாடாப் பேருந்து நிலையத்திலிருந்து காலை வண்டியில் போய்ச் சாயங்காலம் திரும்பலாம். வண்டிகள் சில மட்டுமே என்பதால் திரும்பும் டிக்கெட்டையும் போகும்போதே எடுத்துவிடுங்கள். மேலே கப்பிலெய்ராவில் இறங்கி, கீழ்நோக்கி பம்பனெய்ராவரை நடந்தால் மூன்றையும் பார்த்ததாகிவிடும். பேருந்து நிலையம் ஊருக்கு வடக்கே தள்ளி இருக்கிறது, மையத்திலிருந்து அரைமணி நேரம் ஒதுக்குங்கள்.

ஊரை விட்டு நகர விருப்பமில்லை என்றால் லோர்காவின் குடும்பம் கோடையில் தங்கிய வீடான உவெர்தா தெ சான் விசென்தே, இப்போது பூங்காவுக்கு நடுவில் அருங்காட்சியகம். திங்களன்று போகாதீர்கள்.